போப்பின் மரணச் சான்றிதழும் பார்க்கின்சன் நோயின் கூட்டாளிகளும்

போப் இரண்டாம் ஜான்பால் எந்த நோயால் இறந்தார் என்று கேட்டால், "பார்க்கின்சன்" என்றுதான் பெரும்பாலானோர் சட்டென்று சொல்வார்கள். கை நடுங்க, தலை சாய்ந்து, பேச்சுக் குழறி அவர் தொலைக்காட்சியில் தெரிந்த காட்சி எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. ஆனால் 2005 ஏப்ரல் 2 இரவு 9.37க்கு அவர் இறந்தபின், அவருடைய டாக்டர் ரெனாட்டோ புஸ்ஸொனெட்டி கையெழுத்திட்ட சான்றிதழில் மரணக் காரணமாக எழுதப்பட்டவை வேறு: செப்டிக் ஷாக், அதாவது ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்றால் வந்த அதிர்ச்சி நிலை, அடுத்து, மீட்க முடியாதபடி இதயமும் ரத்த ஓட்டமும் செயலிழந்தது. பார்க்கின்சன் நோயின் பெயர் அதற்குக் கீழேதான் வருகிறது, அதுவும் தனியாக அல்ல. மூச்சுத் திணறல், தொண்டையில் துளையிட்டது, ப்ராஸ்டேட் வீக்கத்தோடு சேர்ந்த சிறுநீர்த் தொற்று, உயர் ரத்த அழுத்தம், இதய நோய் என்று ஒரு கூட்டமே அதோடு நிற்கிறது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால் எளிதில் புரியும். இருப்புநிலைக் குறிப்பு ஒரே ஒரு நாளின் நிலையைத்தான் காட்டும். அந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று அறிய ஆண்டு முழுவதற்குமான கணக்கைப் புரட்ட வேண்டும். மரணச் சான்றிதழும் அப்படித்தான்.

அந்தக் கணக்கை முதலில் எழுதியவர் லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன். (இவர் சுவாரசியமான மனிதர். புதைபடிவங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அரசாங்கத்தை எதிர்த்து "ஓல்ட் ஹியூபர்ட்" என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்களும் எழுதினார்.) 1817ல் நடுக்குவாதத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் இருப்பது வெறும் ஆறு பேரின் கதை. அதிலும் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கே வராதவர்கள். தெருவில் போகும்போது பார்த்துக் குறித்துக்கொண்டவர் கூட உண்டு! ஆனாலும் கடைசிக் கட்டத்தை அவர் விவரித்த விதம் இன்றும் பொருந்துகிறது. விழுங்க முடியாமை, வாயிலிருந்து வழியும் எச்சில், கடும் மலச்சிக்கல், மார்பில் போய் முட்டும் தாடை, தன்னை அறியாமல் வெளியேறும் சிறுநீர், கடைசியில் ஓயாத தூக்கக் கலக்கமும் பிதற்றலும். கை நடுக்கத்தைப் பற்றிய நூல் என்று திறந்தால், முடிவில் வருவதெல்லாம் தொண்டையும் குடலும் சிறுநீர்ப்பையும்தான்.

ஓர் இடத்தில் அவர் கணிப்பு தவறியது. இந்த நோய் அறிவைத் தொடாது என்று எழுதினார். அன்றைக்கு நோயாளிகள் நெடுநாள் வாழவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1967ல் அமெரிக்காவில் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் என்ற இருவர் 800க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, இவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று எழுதினார்கள். அதே காலத்தில்தான் லெவோடோபா மருந்து புழக்கத்துக்கு வந்தது. படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், ஆயுளும் கூடியது. கூடவே, முன்பு வெளியே தெரியாமல் இருந்தவையும் தெரிய ஆரம்பித்தன. சிட்னியில் 1984 முதல் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2008ல் வெளியானது. 20 ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு மறதி நோய் வந்திருந்தது. மருந்து கை காலைத்தான் மீட்டது. மற்றதை அதனால் நிறுத்த முடியவில்லை.

இனி போப்பின் கதைக்கு வருவோம். 1978ல் பதவிக்கு வந்தபோது 58 வயது, பனிச்சறுக்கும் மலையேற்றமும் பழகிய உடம்பு. 1981ல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். 1986 பிப்ரவரியில் சென்னை வந்து சாந்தோம் பேராலயத்துக்குப் போனபோதும் திடமாகத்தான் இருந்தார். 1990களில் குடல் கட்டிக்கு அறுவை, விழுந்து தோள்பட்டை விலகியது, மறுபடி விழுந்து தொடை எலும்பு முறிந்தது என்று வரிசையாக வந்தன. அந்த ஆண்டுகளில் நடுக்கமும் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனால் நோயின் பெயரை வாடிகன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2003ல்தான். உலகமே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை இத்தனை காலம் சொல்லாமல் இருந்ததில் என்ன லாபம் என்று தெரியவில்லை.

2005 பிப்ரவரி 1 இரவு, காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக ஜெமெல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒரு சாதாரண ஃப்ளூ ஏன் இப்படி ஆக்க வேண்டும்? தொண்டைத் தசையும் மார்புத் தசையும் இறுகி மந்தமாகிவிட்டவருக்குச் சளியை இருமித் துப்பும் பலம் இருக்காது. சாப்பிடுவதும் சரியாக இறங்காமல் மூச்சுக் குழாய்க்குள் போகும். இந்த நோயாளிகளை அதிகமாகக் கொண்டுபோவது நிமோனியா என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். போப்பை 10ஆம் தேதி அனுப்பினார்கள், 24ஆம் தேதி திரும்பவும் சேர்த்தார்கள். அன்று மாலையே தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மார்ச் 27 ஈஸ்டர் அன்று ஜன்னலில் தோன்றியவருக்குப் பேச முயன்றும் குரல் வரவில்லை. கையால் மட்டும் ஆசீர்வதித்தார். 31ஆம் தேதி சிறுநீர்த் தொற்றால் கடும் காய்ச்சல். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாவிட்டால் தேங்கியதில் கிருமி பெருகும். இந்த நோயில் நரம்புக் கோளாறால் அப்படி ஆகும், வயதான ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கம் வேறு. ரத்த அழுத்தத்தைக் காக்கும் நரம்புகளும் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால், தொற்று ரத்தத்தில் ஏறினால் தாக்குப்பிடிப்பது கடினம். இரண்டே நாளில் முடிந்துவிட்டது.

குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கும் இதே வழிதான். 1984ல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2014 கடைசியில் நிமோனியா என்று நினைத்துச் சேர்த்தார்கள், பிறகு கடுமையான சிறுநீர்த் தொற்று என்றார்கள். 2016 ஜூன் 3 அன்று 74 வயதில் இறந்தபோது சொன்ன காரணமும் செப்டிக் ஷாக்.

போப்பின் விஷயம் அதோடு முடியவில்லை. சுயநினைவு திரும்பாத நோயாளிகளுக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது கொள்கையளவில் கட்டாயக் கடமை என்று 2004 மார்ச்சில் அவரே பேசியிருந்தார். அவருக்கு மூக்குவழி உணவுக் குழாய் வைத்ததாக அறிவிப்பு வந்ததோ இறப்பதற்கு மூன்று நாள் முன்னால், மார்ச் 30 அன்று. 2007ல் லினா பாவனெல்லி என்ற இத்தாலிய மயக்க மருந்து டாக்டர் இதைப் பிடித்துக்கொண்டார். குழாய் ஏன் இவ்வளவு தாமதம், போப்பே வேண்டாம் என்றாரா, அப்படியானால் அவருடைய திருச்சபையின் கண்ணில் அது என்ன என்று கேட்டார். புஸ்ஸொனெட்டி மறுத்தார், சிகிச்சை ஒருபோதும் நிறுத்தப்படவில்லை என்றார்.

பாவனெல்லியின் கேள்வி நியாயமானதுதான். மெலிந்த உடம்பு தொற்றைத் தாங்காது என்பது உண்மை. ஆனால் உணவுக் குழாய் பசியைத்தான் தீர்க்கும், எச்சில் நுரையீரலுக்குள் இறங்குவதைத் தடுக்காது. சிறுநீர்ப்பையில் தேங்கியதை அது தொடப்போவதும் இல்லை. ஒரு மாதம் முன்னால் வைத்திருந்தால் அவர் இன்னும் சில வாரம் இருந்திருக்கலாம். அந்த வாரங்கள் அவருக்கு வேண்டியிருந்தனவா என்பதைச் சொல்ல, பேச முடியாத அவரும் அந்த அறையில் இருந்தவர்களும் மட்டும்தான்.