திம்புள்ளத் தேயிலை வலயத்தில் வெளிநாட்டு உதவி

இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, டிக்கோயா ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடப்பது திம்புள்ளத் தேயிலை வலயம். இங்கு பறிக்கப்படும் கொழுந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது. ஆனால் கொழுந்து பறிப்பவர்களின் வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று வரும்போது சுவீடன், நோர்வே, நெதர்லாந்து, ஜெர்மனி, இந்தியா என்று பிற நாடுகளின் பெயர்களே முன்னால் நிற்கின்றன. உழைப்பால் நாட்டுக்கு வருமானம் தந்தவர்கள் உதவி பெறுவோராக எப்படி ஆனார்கள் என்பதே இந்த வரலாற்றின் மையம்.

நாடுகளுக்கிடையிலான உதவி என்பது அரசு அரசுக்குக் கொடுப்பது. இத்தோட்டங்களில் உழைக்கும் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரின் சிக்கல் அங்கேயே தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடி, ஆசிய நாடுகளுக்கான உதவித் திட்டமாகிய கொழும்புத் திட்டத்துக்கு வித்திட்டார்கள். அதே நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த இலட்சக்கணக்கானோரைத் தன் மக்கள் என்று ஏற்க அப்போது எந்த அரசும் முன்வரவில்லை. 1964 அக்டோபர் 30இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் தோட்டப் பிள்ளைகளை நேரடியாக எட்டிய உதவிகளில் குறிப்பிடத்தக்கது, 1940களில் தொடங்கி இந்தியத் தூதரகத்தின் வழியே இன்றுவரை தொடரும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளையின் உதவித்தொகை. அளவில் அது சிறியது. ஆனால் மாணவரின் கைக்கே நேரடியாகப் போனது.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே மேற்கு ஐரோப்பிய நிதி பெரிய அளவில் மலைக்கு வந்தது. நெதர்லாந்து, நோர்வே நிதியில் 1980களின் நடுவில் தொடங்கிய தோட்டச் சமூகநலத் திட்டம் கழிப்பறை, குழாய்நீர், பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) ஆகியவற்றைக் கொண்டுவந்தது. சுவீடன் தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் தந்தது. அதே சுவீடனின் நிதியில்தான் மகாவலித் திட்டத்தின் கொத்மலை அணையும் எழுந்தது. கட்டியது சுவீடனின் ஸ்கான்ஸ்கா நிறுவனம். கொடுத்த நாட்டின் பணத்தில் கணிசமான பகுதி அதே நாட்டின் நிறுவனத்துக்கே திரும்பிப் போகும் ஏற்பாடு அக்கால உதவியில் வழக்கமாக இருந்தது.

பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியில் 1990களின் தொடக்கத்தில் எழுந்தது. தோட்டப் பள்ளிகளுக்கு அந்தந்தத் தோட்டங்களின் பிள்ளைகளையே ஆசிரியராக்குவது அதன் நோக்கம். பின்னாளில் அனுமதியில் யாருக்கு எத்தனை இடம் என்பது நீண்ட அரசியல் தகராறானது. ஆனாலும் இந்த வலயத்துக்கு வந்த உதவிகளில் மிகுந்த பலன் தந்தது இக்கல்லூரியே என்று துணிந்து சொல்லலாம். இங்கே பயிற்சி பெற்றவர்கள், அப்பா அம்மா பெயர் பதிந்த அதே தோட்டங்களின் வகுப்பறைகளில் இன்று நிற்கிறார்கள்.

தலவாக்கலை நகரையொட்டிக் கட்டப்பட்ட மேல்கொத்மலை நீர்மின் திட்டம் வேறு வகை. அது நன்கொடை அல்ல, 2002இல் ஜப்பான் கொடுத்த சலுகைக் கடன். 150 மெகாவாட் திறன் கொண்ட இத்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. சென்கிளேயர் அருவி வற்றிவிடும் என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். குடியிருப்புகள் பறிபோகும் என்று மலையகக் கட்சிகளும் எதிர்த்தன. எதிர்ப்பால் முதல் திட்டம் சுருங்கியது. இடம்பெயர்ந்தோருக்கு மாற்று வீடும் கிடைத்தது. மின்சாரம் நாடு முழுவதற்கும் போனது, அருவியின் நீர்வரத்து மெலிந்தது.

இந்திய வீடமைப்புத் திட்டமே இந்த வலயத்தில் அதிகம் பேசப்படும் உதவி. 2010இல் இலங்கைக்கு இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கும், 4,000 மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. போர் முடிந்த வடக்கில் வேலை விரைவாக நடந்தது. மலையகத்தில் முதற்கட்டமாக 404 வீடுகள் கையளிக்கப்பட்டது 2018 ஆகஸ்டில், பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில்.

இந்த எட்டு ஆண்டுத் தாமதத்துக்குப் பணத் தட்டுப்பாடு காரணமில்லை. வடக்கில் வீட்டுக்காரரிடம் காணி இருந்தது. அவருக்குத் தவணை தவணையாகப் பணம் கொடுத்தால் அவரே கட்டிக்கொள்வார். தோட்டத்தில் காணி அரசுக்குச் சொந்தம், 1990களிலிருந்து நீண்ட குத்தகையில் தனியார் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கையில். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் ஒதுக்க, கம்பெனி விட்டுக்கொடுக்க வேண்டும், சரிவு மண் பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும், அரசு உறுதிப்பத்திரம் தர வேண்டும். பயனாளர் பட்டியலில் யார் பெயர் வரும் என்பதிலோ தொழிற்சங்கங்களின் போட்டி. கொடுத்த நாட்டின் தூதர் அடிக்கல் நாட்டலாம்; காணியை எழுதிக்கொடுக்க அவரால் முடியாது.

அதற்கு மேலும் ஒரு தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வரி வாங்கும் சபை தோட்டத்துப் பாதையில் ஒரு கல்லைப் போடவும் தயங்கிய நிலை 2018 திருத்தம் வரை நீடித்தது. ஒரு மக்கள்கூட்டத்தை உள்ளூராட்சியின் கணக்கிலிருந்தே விலக்கிவைத்துவிட்டு, அந்த இடைவெளியை வெளிநாட்டாரின் நன்கொடையால் நிரப்பப் பார்த்தது அநியாயம்.

இடைவெளி எவ்வளவு பெரியது என்பது வீட்டுக்குள் போனால் தெரியும். பழைய லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில், ஒரு குடும்பத்தின் பங்கு பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றும் முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பும் (திண்ணை). இஸ்தோப்பின் ஒரு மூலையில் அடுப்பு, கூரைத் தகரம் முழுக்கக் கரி. பிள்ளைகள் படிப்பதும் பெரியவர்கள் உடை மாற்றுவதும் அந்த ஒரே அறையில்தான். இந்திய வீடு ஏறத்தாழ 550 சதுர அடி: இரு படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை. மேட்டுக்கு மணலும் சிமெந்தும் ஏற்றும் செலவு கூடுதல் என்பதால், வடக்கு கிழக்கில் ரூ. 5,50,000 ஆக இருந்த உதவித்தொகை இங்கே ரூ. 9,50,000 ஆக நிர்ணயிக்கப்பட்டது.

2017 மே 12இல் நோர்வூட்டில் கூடிய கூட்டத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இந்திய நிதியில் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையும் அன்றுதான் திறக்கப்பட்டது. இலங்கையில் சீனாவின் கடனும் கட்டுமானமும் பெருகிய காலம் அது. டெல்லியின் அக்கறையில் அதன் சாயல் உண்டு. பிரசவத்துக்கு மலையிறங்கி வரும் பெண்ணுக்கு அந்தக் கணக்கால் எதுவும் குறையவில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடியில் தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள் அனுப்ப முடிவு செய்தது. தமிழருக்கு அனுப்புவதாகத் தொடங்கிய யோசனை, இலங்கை மக்கள் அனைவருக்குமானதாக ஆனது. எங்களுக்கு மட்டும் வேண்டாம் என்று சொன்னவர்கள் இலங்கைத் தமிழ்ப் பிரதிநிதிகளே. முதல் கப்பல் மே 18இல் சென்னையிலிருந்து புறப்பட்டது.

அதே நெருக்கடி வீட்டுத் திட்டத்தையும் உலுக்கியது. ரூபாய் சரிந்து சிமெந்தும் கம்பியும் விலையேறியதால் பழைய தொகையில் அத்திவாரத்துக்கு மேல் எழுப்ப முடியாமல் போனது. வீடு ஒன்றுக்கான தொகை ரூ. 28,00,000 ஆக உயர்த்தப்பட்ட பின், 10,000 வீடுகளின் பணி 2024 பிப்ரவரியில் தொடங்கியது. சுவரும் கூரையும் இந்தியாவின் பொறுப்பு. காணி, பாதை, தண்ணீர், மின்கம்பம் ஆகியவை முன்போலவே இலங்கை அரசின் பொறுப்பு.