சிந்தசைசர் (தமிழ்நாட்டு இசையில்)

சிந்தசைசர் என்பது தந்தி, தோல், காற்றுக்குழல் என அதிரும் பொருள் எதுவுமின்றி மின்சுற்றின் வழியாகவே ஒலியலையை உண்டாக்கி, அதன் சுருதியையும் நாதத்தையும் உரப்பையும் வாசிப்பவர் விரும்பியவாறு மாற்றித் தரும் மின்னிசைக் கருவியாகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பியானோவுக்குரிய கட்டைவரிசையோடு வந்து சேர்ந்தமையால் கீபோர்டு என்ற பொதுப்பெயரிலேயே அறியப்படுகிறது. சிறிய வகைகளை, எந்த நிறுவனம் செய்தது என்று பாராமல், காசியோ என்று அழைப்பதும் உண்டு. மேலைநாடுகளில் வானொலி நிலையங்களின் ஆய்வுக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வளர்ந்து பின்னர் ஆர்வலர்களின் வீடுகளுக்குச் சென்ற இக்கருவி, தமிழ்நாட்டிலோ திரைப்பட ஒலிப்பதிவுக் கூடத்தில் நாட்கூலிக்கு வாசித்த கலைஞர்களின் கையோடு நுழைந்து, அங்கிருந்து மெல்லிசை மேடைக்கு இறங்கியது. அதன் பயன்பாட்டிலும் அதைப் பற்றிய பூசல்களிலும் இந்தத் தொழில்வழிப் பிறப்பின் அடையாளம் இன்றளவும் தெரிகிறது.

கருவி வகைப்பாட்டில் இதன் இடம்

தமிழ் இசை மரபு கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பிரித்து, பாடும் குரலை மிடற்றுக்கருவி என்று உடன் வைத்து எண்ணும். இப்பகுப்பு ஒலி எப்பொருளிலிருந்து பிறக்கிறது என்பதை அடிப்படையாகக் கொண்டது. ஆதலால் அதிரும் பொருளே இல்லாத கருவிக்கு இதில் இடமில்லை. இதே இடர்ப்பாடு ஐரோப்பிய வகைப்பாட்டிலும் நேர்ந்தது. ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் ஆகிய இருவரும் 1914-இல் வெளியிட்ட நான்கு வகுப்புப் பட்டியலில் மின்கருவி இடம்பெறவில்லை. 1940-இல் சாக்ஸ் அதனை ஐந்தாம் வகுப்பாகச் சேர்த்தார். ஒலிபெருக்கியோடு இணைக்கப்பட்ட கருவிகள் அனைத்தையும் மின்கருவி என்று எண்ணுவது பொருந்தாது. யு. ஸ்ரீனிவாஸ் கருநாடக இசைக்குக் கொண்டுவந்த மின் மாண்டலினில் அதிர்வது தந்தியே. மின்சாரம் அதனைப் பெருக்க மட்டும் செய்கிறது. ஆகவே அது நரம்புக்கருவியின்பாற்படும். மாறாக, கச்சேரிகளில் தம்பூராவுக்கு மாற்றாக வைக்கப்படும் மின்சுருதிப் பெட்டி, கட்டைவரிசை இல்லாதபோதும், சுற்றிலிருந்தே ஒலியைப் பிறப்பிப்பதால் சிந்தசைசரின் நேர் உறவாகும். பெங்களூரில் பொறியியலாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் உருவாக்கிய மின் தம்பூரா இவ்வகையைச் சேர்ந்தது. கீபோர்டைக் கண்டு முகம் சுளிக்கும் சபாக்களில்கூட இச்சுருதிப் பெட்டி எவ்வித எதிர்ப்புமின்றி மேடையேறியது குறிப்பிடத்தக்கது.

ஒலியைப் பிறப்பிக்கும் முறையை ஒட்டிச் சிந்தசைசர்களை மூன்று பெரும்பிரிவுகளாகக் கொள்ளலாம். முதலாவது கழித்தல் முறை. இதில் அலையியற்றி எனப்படும் சுற்று, மேற்சுரங்கள் செறிந்த முரட்டு அலை ஒன்றைத் தருகிறது. வடிப்பி எனும் அடுத்த சுற்று அவற்றில் வேண்டாதவற்றை நீக்குகிறது. ஒலி எவ்வளவு விரைவில் எழுந்து, எவ்வளவு தணிந்து, எங்கு நிலைத்து, விரலை எடுத்தபின் எவ்வாறு அடங்குகிறது என்பதை மூன்றாவது சுற்று முடிவுசெய்கிறது. வீணையின் தந்தி மீட்டிய கணத்திலேயே உச்சம் தொட்டுப் பின் தேய்ந்துகொண்டே போவதும், நாதசுரத்தின் ஒலி ஊதும் காற்று உள்ளவரை தேயாமல் நிற்பதும் இம்மூன்றாம் சுற்று கட்டுப்படுத்தும் வேறுபாடேயாகும். அமெரிக்கரான ராபர்ட் மூக் 1964-இல் காட்சிக்கு வைத்த கருவியும், 1970-இல் விற்பனைக்கு வந்த மினிமூக்கும் இம்முறையில் அமைந்தவை.

இரண்டாவது, ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் மிக விரைவாக அசைத்துப் புதிய மேற்சுரங்களை எழுப்பும் எப்.எம். முறை. ஜான் சௌனிங் என்பவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1967-இல் கண்டறிந்த இம்முறையின் உரிமத்தைப் பெற்ற யமஹா நிறுவனம் 1983-இல் டி.எக்ஸ்.7 என்ற கருவியை வெளியிட்டது. மணி, மின்பியானோ, தட்டுலோகம் ஆகியவற்றின் ஒலிகளை இது கூர்மையாகத் தந்தது. ஆனால் புதிய ஒலி ஒன்றை அமைப்பது மிகக் கடினமாக இருந்தமையால் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளே ஏற்றி வந்த ஒலிகளோடு நிறைவடைந்தனர். உலகெங்கும் 1980-களின் பாடல்கள் ஒன்றுபோல ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது, இயற்கைக் கருவியின் ஒலியைத் துண்டாகப் பதிந்து எண் வடிவில் சேமித்துக் கட்டையை அழுத்தும்போது ஒலிக்கச் செய்யும் மாதிரி முறை. 1988-இல் வந்த கோர்க் எம்.1, இம்முறையோடு தாளக்கருவி ஒலிகளையும் எட்டுத் தட வரிசைப்பதிவையும் ஒரே பெட்டியில் அடக்கியதால், ஒருவரே இருந்து ஒரு பாடலின் முழுப் பின்னணியையும் அமைக்க வழி பிறந்தது. முதல் முறையையே உண்மையான சிந்தசைசர் என்று வாதிடும் ஆர்வலர் உண்டெனினும், தமிழ்நாட்டில் உழைத்தது மூன்றாவதே.

முன்வரலாறு

இந்தியத் திரையிசையில் மின்கட்டைக் கருவி மூக்கின் கருவிக்கு முன்பே வந்துவிட்டது. பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947-இல் அமைத்த கிளாவியோலின், வெற்றிடக்குழல் அலையியற்றி ஒன்றைக் கொண்டு ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே எழுப்பும் சிறிய கருவியாகும். ஹேமந்த் குமார் இசையமைத்த 'நாகின்' (1954) என்ற இந்திப் படத்தில் கல்யாண்ஜி இதனைக் கொண்டு எழுப்பிய மகுடி ஒலி நாடெங்கும் பரவியது. உண்மையான மகுடிதான் என்று நம்பியோரே மிகுதி. பின்னாளில் மாதிரி முறைக் கீபோர்டுகள் தமிழ்நாட்டில் ஏற்ற வேடமும் இதுவே: இன்னொரு கருவியாகத் தோன்றுவது.

ஒலியை ஒலிக்காகவே ஆராயும் போக்கு இந்தியாவில் அடியோடு இல்லாமற்போகவில்லை. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் கருவி ஒன்றை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசைச்சோதனைகள் செய்தனர். சில ஆண்டுகளில் அப்பணி ஓய்ந்தது. அவ்வொலிநாடாக்கள் நெடுங்காலம் காப்பகத்தில் கிடந்து, 2023-இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-8, டி.ஆர்.808, டி.பி.303 ஆகிய மூன்று கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982-இல் வெளியிட்ட இசைத்தட்டும் அன்று விலைபோகவில்லை. 2010-இல் மறுபதிப்பான பின்னரே உலக ஆர்வலர் கண்ணில் பட்டது. சென்னையில் இத்தகைய முயற்சிகளுக்குக் களம் அமையவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் கடுமையாக இருந்த அக்காலத்தில், கருவியின் விலையை வாசிப்புக் கூலியால் மீட்க முடிந்தவர் மட்டுமே அதனை வாங்க முடிந்தது. அவ்வாறு மீட்கக்கூடிய ஒரே இடம் கோடம்பாக்கமாக இருந்தது.

ஒலிப்பதிவுக் கூடங்களில்

எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்த 'நினைத்தாலே இனிக்கும்' (1979), இசைக்குழுவொன்றைக் கதைக்களமாகக் கொண்டமையால், அதன் பாடல்களில் மின்னொலியின் சாயல் தூக்கலாகத் தெரிகிறது. எனினும் சிந்தசைசரைத் தமிழ்த் திரையிசையின் இயல்பான உறுப்பாக்கியவர் இளையராஜாவே. மேற்கத்திய முறையில் சுரக்குறிப்பு எழுதி, வயலின் கூட்டம், புல்லாங்குழல், கிட்டார் ஆகியவற்றோடு கீபோர்டையும் ஒரு குரலாக அவர் கையாண்டார். அவர் குழுவில் அதனை வாசித்தவர்களுள் விஜி மானுவேல் தலையாயவர். 'புன்னகை மன்னன்' (1986) படத்தின் இசை கணினியின் துணையோடு வரிசைப்படுத்தப்பட்ட ஒலிகளைக் கொண்டது. வரிசைப்பதிவு என்பது சுரங்களை ஒலியாகப் பதியாமல், எந்தக் கட்டை எப்போது எவ்வளவு அழுத்தத்தில் அழுத்தப்பட்டது என்ற செய்தியாகப் பதிந்து கருவிக்குத் திருப்பி அனுப்புவதாகும். 1983-இல் உலக நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட மிடி என்னும் பொது விதிமுறை, ஒரே கம்பியில் பதினாறு தடங்களை அனுப்ப வழிசெய்து இதனை எளிதாக்கியது. 'அக்னி நட்சத்திரம்' (1988) படப்பாடல்களில் மின்தாளமும் மின்னொலிக் கட்டமைப்பும் முழுமை பெற்றுவிட்டன. ஆகவே தமிழில் மின்னிசை 1992-இல் 'ரோஜா'வோடு தொடங்கியது என்ற பரவலான கருத்து பொருந்துவதன்று.

ஏ.ஆர். ரகுமான் கொணர்ந்த மாற்றம் கருவியில் இல்லை, வேலைமுறையில் இருந்தது. மலையாளத் திரையிசையில் இசையமைப்பாளராகவும் நடத்துநராகவும் விளங்கிய ஆர்.கே. சேகரின் மகனான அவர், 1976-இல் தந்தை மறைந்தபின், வீட்டிலிருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பத்தில் வளர்ந்து, இளம் வயதிலேயே கீபோர்டுக் கலைஞராகக் கூடங்களில் வாசித்தார். 1989-இல் தம் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ரெக்கார்டு இன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். நாற்பது, ஐம்பது பேர் ஒரே அரங்கில் அமர்ந்து ஒரே மூச்சில் வாசிக்கும் பழைய முறைக்கு மாறாக, சிந்தசைசரில் பாடலின் எலும்புக்கூட்டை அமைத்துவிட்டு, ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியே அழைத்துப் பதிந்து, பின்னர் அடுக்கி எடுக்கும் முறை அங்கிருந்து பரவியது. பெரும் வாத்தியக் குழுவில் வாசித்த வயலின் கலைஞர்கள் பலர் வேலையிழக்க இதுவே காரணம் என்ற குற்றச்சாட்டு நெடுநாள் நிலவியது. உண்மையில் தயாரிப்பாளர் கணக்குப் பார்க்கத் தொடங்கியதே முதற்காரணம், கருவி அதற்கு வாய்ப்பாக அமைந்தது. மின்னிசையின் முகமாக அறியப்பட்ட ரகுமானே 'திருடா திருடா' (1993) படத்தில் ஒரு பாடலைக் கருவியே இல்லாமல் மனிதக் குரல்களால் மட்டும் அமைத்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். பின்னாளில் 'டெல்லி-6' (2009) படத்தில், கட்டைகளுக்கு மாற்றாக விரல் வழுக்கிச் செல்லும் பரப்பைக் கொண்ட கன்டினூவம் என்ற கருவியை அவர் பயன்படுத்தினார்.

சுருதியும் கமகமும்

கட்டைவரிசைக் கருவி கருநாடக இசைக்கு ஒவ்வாது என்ற வாதம் ஆர்மோனியத்தின் காலத்திலேயே எழுந்தது. அனைத்திந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. கீபோர்டில் ஒரு தாயி பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் நூறு சென்ட் என்று அளவிடப்படுகிறது. தம்பூராவோடு இயல்பாக இணையும் பஞ்சமம் 702 சென்டில் நிற்பதால், கீபோர்டின் 700 காதுக்கு உறுத்துவதில்லை. ஆனால் அந்தர காந்தாரம் 386-இல் நிற்க, கீபோர்டு 400-ஐத் தருவதால் பயின்ற செவி உடனே கண்டுகொள்கிறது. இதைவிடப் பெரிய தடை கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. இரிடபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசையும் இயக்கம். சிந்தசைசரின் இடப்பக்கத்திலுள்ள, சுருதியை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் சக்கரம் இத்தடையைப் பெருமளவு நீக்கியது. ஆர்மோனியத்தால் இயலாத இதனை வலக்கை விரலும் இடக்கைச் சக்கரமும் ஒத்திசைந்து செய்ய முடியும் என்பதைக் கே. சத்யநாராயணன் முழுநீளக் கருநாடகக் கச்சேரிகளில் மெய்ப்பித்துள்ளார். எனவே கருவி ஒவ்வாது என்பதைவிட, அதில் பயின்றவர் குறைவு என்பதே சரியாகும்.

மெல்லிசை மேடையில்

கோயில் திருவிழா, திருமணம், கட்சிக் கூட்டம் ஆகியவற்றுக்குப் பாடச் செல்லும் மெல்லிசைக் குழுக்களில் 1980-களுக்குப் பின் அக்கார்டியனும் காம்போ ஆர்கனும் பின்வாங்க, கீபோர்டு நடுவிடத்தைப் பெற்றது. திண்டுக்கல், மதுரைச் சமவெளியில் இம்மாற்றம் ஓர் உள்ளூர்ச் சாயலோடு நிகழ்ந்தது. இப்பகுதி நையாண்டி மேளத்துக்குப் பெயர்பெற்றது. நாதசுரம், தவில், பம்பை, உறுமி ஆகியவற்றின் ஓசைக்குப் பழகிய கூட்டத்துக்கு முன் பாடும் குழு, அவ்வோசைகளைக் கைவசம் வைத்திருந்தாக வேண்டும். இதற்குக் கீபோர்டைவிட மிகுதியாக உதவியது பேடு எனப்படும் மின்தாளப் பலகை. ரோலண்ட் 1985-இல் வெளியிட்ட முதல் ஆக்டோபேடில் எட்டுத் தட்டுப்பரப்புகள் இருந்தனவே தவிர ஒலி ஏதும் இல்லை. அடிக்கும் செய்தியை மிடி வழியாகப் பிற கருவிக்கு அனுப்புவதே அதன் பணி. ஒலிகளைத் தன்னுள் கொண்ட எஸ்.பி.டி.20 வந்தபின்னரே அது தமிழ்நாட்டு மேடைகளை நிறைத்தது. திண்டுக்கல்லின் பேகம்பூர் போன்ற முஸ்லிம் மக்கள் மிகுந்த பகுதிகளில் இசுலாமியப் பாடல் மேடைகளிலும் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் கீபோர்டு அமர்ந்து, பல இடங்களில் அதன் பணியையும் ஏற்றுக்கொண்டது.

மேடைக் கலைஞருக்குக் கருவியின் பயன் ஒலிநயத்தோடு முடிவதில்லை. பாடகர் இரண்டரைக் கட்டையில் பாடினாலும் ஐந்தரைக் கட்டையில் பாடினாலும், டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டுப் பழகிய விரலிலேயே வாசிக்க முடிவது, ஓர் இரவில் முப்பது பாடல் வாசிப்பவருக்குப் பெருந்துணையாகும். பாடலுக்குப் பாடல் டோன் மாற்றுவதும், தாளம், பேஸ், நாண் ஆகியவற்றைத் தானே இசைக்கும் ஸ்டைல் வசதியும் இக்கலைஞரின் தேவையையொட்டியே மதிக்கப்படுகின்றன. தபேலா, சித்தார், தம்பூரா ஒலிகளைச் சேர்த்து ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியாவுக்கெனத் தனி வகைகளை வெளியிட்டதும் இச்சந்தையை நோக்கியே. தவில் ஒலி பேடில் கிடைப்பதால் தவில்காரரை அழைக்காமல் விடும் வழக்கம் சில ஊர்களில் வேரூன்றியது வருந்தத்தக்கது.

தற்போது ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரும்பகுதி வேலை கணினி மென்பொருளுக்கு மாறிவிட்டது. சென்னைக்கு அருகே யமஹாவின் ஆலை 2019 முதல் சிறு கீபோர்டுகளை உற்பத்தி செய்கிறது. பழைய அனலாக் கருவிகளைத் தேடிச் சேர்ப்போரும், தனித்தனிச் சுற்றுகளைக் கம்பியால் இணைக்கும் மாடுலர் வகையில் ஈடுபடுவோரும் பெருநகரங்களில் சிறு எண்ணிக்கையில் உள்ளனர்.