பதுளைத் தூணும் தொல்பொருளியற் பயிற்சியும்

பதுளை நகரின் பொது நூலகத்திலே நாற்புறமும் எழுத்துப் பொறிக்கப்பெற்ற கற்றூண் ஒன்று உளது. 1857 ஆம் ஆண்டில், மகியங்கனையை அடுத்த சொரபொர வாவியின் அயலிலே யோன் பெயிலி என்னும் ஆங்கில உத்தியோகத்தர் அதனைக் கண்டார். பின்னர் அது பதுளைக்குக் கொணரப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில், நான்காம் உதயன் எனக் கொள்ளப்படும் அரசன் மகியங்கனை விகாரையை வழிபட வந்தகாலை, ஹோபிட்டிகமச் சந்தையின் வணிகரும் குடிகளும் அவன்முன் முறையிட்டனர். அதிகாரிகள் முறையற்ற வரி அறவிடுகின்றனர் என்பதே அவர்தம் குறை. அதற்கு விடையாகப் பிறந்த விதிகளே தூணிற் பொறிக்கப்பெற்றன. போயா நாளில் வாணிகம் ஆகாது, ஒப்புதல் பெறாத அளவைகள் ஆகா என்பன அவற்றுட் சில.

எளியோரின் முறையீடு ஆயிரம் ஆண்டு கடந்தும் கேட்கின்றதெனின், அதற்குக் கல் மட்டும் காரணமன்று. கல்லை வாசிக்கப் பயின்ற கண்ணும் காரணமாம். இச்சாசனத்தை விளக்கிப் பதிப்பித்தவர் செனரத் பரணவிதான. தூண் நிற்கும் நூலகம் இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.

1896 இற் பிறந்த பரணவிதான தொல்பொருட் டிணைக்களத்திற் சேர்ந்தபின் சாசனவியல் பயிலுமாறு உதகமண்டலத்துக்கு அனுப்பப்பட்டார். இந்திய அரசின் சாசன அலுவலகம் 1966 இல் மைசூருக்கு மாற்றப்படும்வரை அம்மலைநகரிலேயே இருந்தது. தென்னாட்டுக் கோயில்களின் கல்வெட்டுப் படிகள் அங்கே குவிந்திருந்தன. அத்துறையிற் பயிற்சி நூலால் மட்டும் வருவதன்று. கல்லைக் கழுவித் தூய்மையாக்கல் வேண்டும்; நனைத்த தாளை அதன்மேற் பரப்பி, எழுத்தின் பள்ளங்களில் இறங்குமாறு தூரிகையால் அடித்தல் வேண்டும்; பின் மையொற்றி, உலர்ந்ததும் கிழியாமல் உரித்தெடுத்தல் வேண்டும். அவ்வாறு எடுத்த படிகளை நூற்றாண்டு வாரியாக ஒப்புநோக்கி, ஓரெழுத்து எப்பொழுது வளைந்தது, எப்பொழுது நீண்டது என்று பழகப் பழகவே கண் தெளியும். கலாநிதிப் பட்டம் அதற்குப் பின்னரே, 1936 இல் ஒல்லாந்தின் இலெய்டன் பல்கலைக்கழகத்தில் வந்தது. 1940 இல் அவர் திணைக்களத்தின் ஆணையாளரானார்; 1956 இல் ஓய்வு பெற்றபின் பேராதனையிலே தொல்பொருளியற் பேராசிரியராய் அமர்ந்தார்.

தமிழ் அறிஞரும் கடல் கடந்தே பயின்றனர். கா. இந்திரபாலா இலண்டனிலும், பொ. இரகுபதி மைசூரிலும் ஆய்வுப் பட்டம் பெற்றனர். களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ், தொல்பொருளியலுக்கெனப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் கொழும்பில் அமைந்தது 1986 இலேயாம்.

இனி, ஊவாத் தோட்டங்களை நோக்குவாம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே பண்டைச் சின்னமெனக் கொண்டது. பிற்பட்டவை தனியே அறிவிக்கப்பட்டாலன்றிக் காவல் பெறா. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட நாள் அது. கோப்பியும் தேயிலையும் அதன் பின் வந்தவை. அவற்றை நட்டுப் பறிக்கத் தமிழகத்திலிருந்து நடந்துவந்தோரும் அதன் பின் வந்தோரே. ஒரு மக்கட் கூட்டத்தின் மலைநாட்டு வரலாறு முழுவதும் அவ்வொரு நாளுக்கு அப்பாற் படுகின்றது. இஃது எவரையும் விலக்கும் நோக்குடன் வரைந்த கோடன்று. ஆயினும் விளைவு அதுவே.

லயன்களோ நாடோறும் குறைந்து வருகின்றன. 2014 ஒற்றோபர் 29 இல், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்சரிவில் மனிதரோடு புதையுண்டன. எஞ்சியவற்றை இடித்துத் தனிவீடு கட்டுவது நியாயமே. ஆராய்ச்சியாளரின் வசதிக்காக எவரும் நூற்றாண்டுப் பழமையான ஓரறையில் வாழ்தல் வேண்டுமெனக் கூறுவது கொடுமையாம். இடிப்பதற்கு முன் அளத்தல் வேண்டுமென்பதே கேட்கத்தக்கது. அடுப்பங்கரையின் அகலம், பொதுக் குழாயின் இடம், கூரைத் தகட்டின் முத்திரை, மாரியம்மன் கோயில் மணியிற் பொறித்த கொடையாளர் பெயர், கங்காணியின் கல்லறை எழுத்து என்பனவெல்லாம் சாசனங்களே. செக்றோல் ஏடுகளோடும் முதியோர் சொல்லோடும் அவற்றை ஒப்புநோக்கல், உதகமண்டலத்திற் படிகளை ஒப்புநோக்கியதற்கு ஒப்பான பயிற்சியாம்; தமிழ் வாசிக்கத் தெரிந்த மாணவனுக்கே அது முற்றும் கைகூடும்.

அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. அளவுநாடா, வரைதாள், படக்கருவி ஆகியவற்றோடு, அந்த லயனிற் பிறந்த முதியவர் ஒருவர் உடனிருப்பின், ஒரு லயனை இருவர் ஓரிரு நாளில் அளந்து வரைந்து முடிக்கலாம்.