பிசைந்த மாவின் கதை



நம் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் பீசா, பணக்காரர் மேசையில் பிறந்த பண்டம் என்று பலர் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் துறைமுக நகரில், உழைத்துப் பிழைத்த ஏழை மக்கள் தெருவில் வாங்கி நின்றபடியே தின்ற ரொட்டி அது. அதன் அடிமாவில் இருப்பவை கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கே.

மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்த அந்த மாவு நம் லயத்துக்குள் எப்படி நுழைந்தது?

போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து தருவித்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ஜோகூர் வழியாகச் சிங்கப்பூரை நோக்கி இறங்கியது. அரிசி வரத்து அற்றுப்போயிற்று. மூன்றரை ஆண்டுகள் மரவள்ளிக் கிழங்கே பலருக்குச் சோறு. 1945இல் போர் முடிந்த பிறகும் அரிசி போதிய அளவு வரவில்லை. பங்கீட்டில் அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மாவு ஓரளவு நிரப்பியது. சோறு வடித்த கைகள் மாவு பிசையப் பழகின. தேங்காய்ப்பூவோ வெங்காயமோ சேர்த்துக் கல்லில் தட்டிச் சுட்ட ரொட்டி, விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களுக்குப் பசியாறலாயிற்று. அந்நாளில் சிறுமியராக இருந்த பாட்டிமார்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளே, அவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். பாடநூலில் இது கிடைக்காது.

லயத்து ரொட்டி உப்பாத ரொட்டி. உப்பிய ரொட்டி பட்டணத்திலிருந்து வந்தது. ஜோகூர் பாருவில் 1919இல் ஹியாப் ஜூ ரொட்டிக்கடையும், 1937இல் ஜாலான் டோபியில் சலாவுதீன் ரொட்டிக்கடையும் தோன்றின. இரண்டிலும் விறகடுப்புதான், நேப்பிள்ஸிலும் அதுவே. மாவை உப்பவைக்கும் நுண்ணுயிரும் நமக்குப் புதிதன்று. ஆப்ப மாவில் கள் ஊற்றினார்களே, அந்தக் கள்ளில் இருந்ததும் ஈஸ்ட்தான். (கள்ளுக்கு நாம் கண்ட ஒரே நல்ல பயன் இது!)

நேப்பிள்ஸ் பீசாக்காரர்களின் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017இல் மரபுச் செல்வமாக ஏற்றது. ரொட்டி சானாய் உள்ளிட்ட மலேசியப் பசியாறல் பண்பாட்டுக்கும் 2024இல் அந்தச் சிறப்புக் கிடைத்தது.

வீட்டிலேயே செய்ய அரைக் கிலோ மாவு, 300 மில்லி நீர், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு போதும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். பிசையப் பிசைய மாவிலுள்ள புரதம் வலைபோல் பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் விடும் காற்று அந்த வலைக்குள் சிக்குவதால்தான் மாவு எழும்புகிறது. நம் வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் இருமடங்காகிவிடும். அடுப்புப் பெட்டி இல்லையே என்ற கவலை வேண்டாம். மெல்லியதாகத் தட்டி, தோசைக் கல்லில் ஒரு பக்கம் சுட்டுத் திருப்பி, தக்காளி, வெங்காயம், வறுத்த நெத்திலி பரப்பி, மூடியிட்டுச் சிறு தீயில் வையுங்கள். நெத்திலி நம் கைச்சரக்கு என்று நினைக்காதீர்கள். நேப்பிள்ஸ்காரர்களும் அதன் இனத்து மீனைத்தான் உப்பிட்டுப் பீசாவின்மேல் வைக்கிறார்கள்.