லொம்பொக்: எரிமலைத் தீவில் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குக் கிழக்கே உள்ளது லொம்பொக். அதன் வடபகுதியை ரிஞ்சானி எரிமலை நிரப்பி நிற்கிறது. உயரம் 3,726 மீற்றர். நாட்டின் இரண்டாவது உயரமான எரிமலை இது. முதுகுப்பையுடன் குறைந்த பணத்தில் பயணம் செய்பவர்கள் இங்கு தாராளமாகச் சமாளிக்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்க முடியாது என்பதே நான் அங்கு கண்டது.

போய்ச் சேர்வது

பாலியின் பாடாங்பாய் துறைமுகத்திலிருந்து லொம்பொக்கின் லெம்பாருக்கு இரவும் பகலும் பொதுப் படகுச் சேவை உண்டு. நான்கு முதல் ஐந்து மணி நேரம் எடுக்கும். வேகப் படகுகள் இதைவிடப் பல மடங்கு கட்டணம் கேட்கும். நேரம் இருப்பவர்களுக்குப் பொதுப் படகே போதும். 1856இல் இந்த நீரிணையைக் கடந்த இயற்கையியலாளர் அல்பிரட் ரசல் வொலஸ், இரு கரைகளிலும் பறவையினங்கள் வேறுபடுவதைக் கவனித்தார். ஆசிய, அவுஸ்திரேலிய உயிரினங்களைப் பிரிக்கும் 'வொலஸ் கோடு' இதன் வழியாகவே செல்கிறது.

சாப்பாடும் தங்குமிடமும்

'வாருங்' எனப்படும் சிறு சாப்பாட்டுக்கடைகளில் சோறும் இரண்டு மூன்று கறிகளும் மலிவாகக் கிடைக்கும். தீவின் பெயர்பெற்ற உணவு 'பிளெச்சிங் காங்குங்'. நாங்கள் கங்குன் என்று சொல்லும் அதே கீரைதான். அவித்து, மிளகாய், தக்காளி, இறால் விழுது சேர்த்த சம்பலுடன் தருகிறார்கள். உறைப்பு எங்கள் நாக்குக்குப் புதிதல்ல. செம்பாலுன், செனாரு கிராமங்களில் சசாக் மக்கள் நடத்தும் வீட்டுத் தங்குமிடங்களில் தங்கினால் பணம் நேரே ஊருக்குள் போகும்.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பதானால் அதற்குரிய சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் விபத்தின்போது பயணக் காப்புறுதி கைகொடுக்காது.

மலை

1257இல் இங்கிருந்த சமாலாஸ் எரிமலை வெடித்தது. அதன் கந்தகப் படிவுகள் கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் பனிக்குள் பதிந்துள்ளன. மலை இடிந்த பள்ளத்தில் இன்று செகாரா அனாக் ஏரி இருக்கிறது. ஏரிக்குள் எழுந்த பாருஜாரி என்ற சிறு எரிமலை இன்னும் அடங்கவில்லை.

மழைக்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை பொதுவாக மலைப்பாதைகள் மூடப்படும். செம்பாலுனிலிருந்து ஏறினால் முதல் நாள் 2,639 மீற்றரில் உள்ள விளிம்பு முகாமை அடையலாம். உச்சிக்கு நள்ளிரவுக்குப் பின் புறப்படுவார்கள். கடைசிப் பகுதி முழுவதும் தளர்ந்த எரிமலைச் சரளை. இரண்டு அடி வைத்தால் ஓர் அடி சறுக்கும். குளிரும் கடுமை. தடித்த மேலாடையும் தலைவிளக்கும் கட்டாயம்.

2018 ஜூலை 29இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் நூற்றுக்கணக்கான மலையேறிகள் மேலே சிக்கிக்கொண்டனர். ஒரு வாரத்தின் பின் 6.9 அளவிலான நடுக்கம் தீவையே உலுக்கியது. இரண்டு தொடர்களிலும் ஐந்நூறுக்கும் அதிகமானோர் இறந்தனர். 2025 ஜூனில் பிரேசில் நாட்டுப் பயணி ஒருவர் பாதையிலிருந்து விழுந்து உயிரிழந்தார். செங்குத்துச் சரிவும் மூடுபனியும் மீட்பு முயற்சியைத் தாமதப்படுத்தின.

யாருடைய தோளில்?

கூடாரம், அரிசி, தண்ணீர், அடுப்பு எல்லாவற்றையும் மூங்கில் தடியின் இரு முனைகளிலும் கட்டி, தோளில் வைத்துச் சுமப்பவர்கள் உள்ளூர் இளைஞர்கள். பலர் சாதாரண செருப்புடனேயே ஏறுகிறார்கள். பயண முகவரிடம் நாம் பேரம் பேசிக் குறைக்கும் தொகை எங்காவது ஓரிடத்தில் வெட்டப்படத்தான் வேண்டும்: சுமப்பவரின் கூலியில், அவரது போர்வையில், அல்லது ஒரு வழிகாட்டிக்கு ஒப்படைக்கப்படும் ஆட்களின் எண்ணிக்கையில். குழு பெருத்தால் பின்தங்குபவரைக் கவனிக்க ஆள் இருக்காது.

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? சுமப்பவருக்கு நாட்கூலி எவ்வளவு? அவர்களுக்குத் தனிக் கூடாரம் உண்டா? தெளிவான பதில் தராத முகவரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். படகிலும் சாப்பாட்டிலும் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே செலவிடுவதுதான் கணக்கு.