நிஞ்சாவும் சீனடி அண்ணாவியும்

யப்பான் தேசத்து நிஞ்சாவைக் கல்முனைச் சிறுவன் நன்கறிவான். கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, கூரையின்மேல் ஓசையின்றி ஓடி, நட்சத்திர வடிவான இரும்புத் தகட்டை வீசும் அவ்வுருவம் திரைப்படத்தின் வழியாகவும் தொலைக்காட்சியின் வழியாகவும் இன்று கைபேசியின் வழியாகவும் அவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதே சிறுவனிடம் சீனடி என்றால் என்ன, அண்ணாவி என்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலே அவனுடைய மூத்தவாப்பாவின் தலைமுறையினர் கம்பெடுத்துப் பழகிய கலை அது. இன்று ஒருவன் மெய்யாகவே நிஞ்சாவாக முடியுமா என்று உலகிற் பலர் விளையாட்டாகக் கேட்கின்றனர்; சிலர் விளையாட்டன்றியும் கேட்கின்றனர். அக்கேள்வியைச் சற்றே திருப்பி, இன்று ஒருவன் சீனடி அண்ணாவியாக முடியுமா என்று அம்பாறைக் கரையிலே கேட்டால் அது விளையாட்டாக இராது.

முதற்கண் நிஞ்சா என்பவன் யார் என்று தெளிதல் வேண்டும். அச்சொல் பரவலானது அண்மைக் காலத்திலேதான். பழங்காலத்தார் ‘ஷினோபி’ என்றே பெரிதும் வழங்கினர். மறைந்து செல்லுதல், பொறுத்திருத்தல் என்னும் இரு பொருளும் அதிலே உண்டு. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் யப்பான் பல தலைவர்களின் கையிலே துண்டுபட்டுக் கிடந்தபோது, மலை சூழ்ந்த இகா, கோக்கா என்னும் இரு வட்டாரங்களில் எந்தப் பெருந்தலைவனுக்கும் முழுதாய் அடங்காத சிறு நிலக்கிழார்கள் வாழ்ந்தனர். வயலை உழுதுகொண்டே ஆயுதமும் பழகியவர்கள் அவர்கள். அயலிலுள்ள தலைவர்கள் ஒற்றறியவும், இரவிலே கோட்டைக்குள் நுழையவும், தீ மூட்டவும் இவர்களைக் கூலிக்கு அமர்த்தினர். துறவியாகவும் வணிகனாகவும் கூத்தாடியாகவும் வேடம் பூண்டு செல்வதே இவர்களின் வழக்கம். பகலிலே கறுப்புடை அணிந்து தெருவிற் சென்றால் ஒற்றன் என்று ஊரே அறிந்துவிடாதா? அந்தக் கோலம் பிற்கால நாடக மேடையும் படங்களும் கொடுத்ததாகும்.

1579 இல் ஓடா நொபுனாகா என்னும் பெருந்தலைவனின் மகன் இகாவின்மீது படையெடுத்துத் தோற்றான். 1581 இல் நொபுனாகாவே பெரும்படை திரட்டி அனுப்பி அவ்வட்டாரத்தை அழித்தான். எஞ்சியவர்களிற் பலர் பின்னர் தொக்குகாவா ஆட்சியின்கீழ் எடோக் கோட்டையிலே, அதாவது இன்றைய டோக்கியோ நகரிலே, காவற்காரராய் அமர்ந்தனர். இருளிலே மதில் ஏறியவன் சம்பளத்துக்கு வாயில் காப்பவன் ஆனான்.

அவர்களுடைய தொழிலுக்குக் கடைசியாய்ப் பெருவேலை கிடைத்தது 1638 இலே எனலாம். ஷிமபாரா என்னும் இடத்தில் உழவரும் கிறித்தவரும் கிளர்ந்தெழுந்து ஹாரா என்னும் பாழ்ங்கோட்டையினுள்ளே இருந்தபோது, அரசினர் கோக்கா வட்டாரத்து ஷினோபிகளை உள்ளே அனுப்பினர். சென்றவர்கள் ஓர் எதிர்பாராத இடரிற் சிக்கினர். அப்பகுதி மக்களின் பேச்சு அவர்களுக்கு விளங்கவில்லை. கோட்டையிலிருந்தோர் வழங்கிய கிறித்தவச் சொற்களும் விளங்கவில்லை. கோக்காவிலே பிறந்தவன் தென்மேற்குத் தீவிலே அந்நியனாய் நின்றான். நம் நாட்டிலும் யாழ்ப்பாணத்தான் ஒருவன் சம்மாந்துறைச் சந்தையிலே வாய் திறந்தால் அவன் ஊரைச் சொல்லப் பிறிதொருவர் வேண்டியதில்லை. ஒற்றனின் கலை மதில் ஏறும் காலில் மட்டும் இல்லை. அது ஒரு நாட்டின் பேச்சோடும் வழிபாட்டோடும் சோற்றோடும் பிணைந்தது.

அதன்பின் யப்பானிலே நெடுங்காலம் அமைதி நிலவிற்று. அந்த அமைதியிலேதான், 1676 இல், ‘பன்சென்ஷுக்காய்’ என்னும் பெருநூல் இகாவிலே தொகுக்கப்பட்டது. பதினாயிரம் ஆறுகள் ஒரு கடலிலே சேர்வது என்பது அப்பெயரின் பொருள். இரவு நடை, தீப்பொருட்கள், மதில் ஏறும் கருவிகள் யாவும் அதிலே விரிவாய் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னே நேரிய உள்ளத்தைப் பற்றியே அது பேசுகிறது. தொழில் செழித்திருந்த நாளில் இத்தகைய பெருநூலுக்குத் தேவை இருக்கவில்லை. தகப்பன் மகனுக்குக் காட்டினான், அவ்வளவே. வேலை குறைந்து, பிள்ளைகள் மறந்துபோவார்களோ என்னும் அச்சம் வந்தபோதுதான் ஏடும் தூரிகையும் வந்தன.

இக்காலத்திலும் நிஞ்சாக் கலையைக் கற்பிப்போர் உளர். அவர்களுடைய பள்ளிகளுக்கு உலகெங்கும் மாணவர் உண்டு. அவர்கள் கூறும் குரு பரம்பரை எவ்வளவு பழையது என்பதிலே அறிஞர்க்குள் வழக்கும் உண்டு. கவாகாமி ஜினிச்சி என்பவரைக் கடைசி நிஞ்சா என்று செய்தித்தாள்கள் எழுதின. இளமையிலேயே இக்கலையைக் கற்று, பான் குடியின் இருபத்தோராம் தலைவராய் விளங்கும் அவர், தமக்குப்பின் எவரையும் தலைவராக நியமிக்கப் போவதில்லை என்று 2012 இல் அறிவித்தார். ஒற்றறிதலும் கொல்லுதலும் மருந்து கலத்தலும் போர்க்காலத்துக்கு உதவின. துப்பாக்கியும் இணையமும் நல்ல மருந்துகளும் உள்ள இந்நாளிலே அக்கலைக்கு இடமில்லை என்பது அவர் கூறிய காரணம். தாம் கற்றதைத் தாமே முடித்துவைக்கத் துணிந்த இவரின் நேர்மை சாலப் பெரிது. ஆயினும் மியே பல்கலைக்கழகம் 2017 இல் நிஞ்சா ஆய்வுக்கென ஒரு நிலையத்தை நிறுவிற்று. 2020 இல் இத்துறையிலே முதுமாணிப் பட்டத்தை முதலிற் பெற்ற ஆய்வாளர் இகாவிலே குடியேறி, பழைய ஷினோபிகள் உழவர் என்பதை எண்ணி, தாமும் பயிர் செய்தார். அவருக்கு வயலும் உண்டு, உடற்பயிற்சியும் உண்டு, நூலறிவும் உண்டு. இரவிலே அவரை அழைத்து வேலை ஏவும் தலைவன் ஒருவன்தான் இல்லை. ஏவுவோன் இல்லாதபோது ஷினோபியும் இல்லை.

இனி அம்பாறைக் கரைக்கு வருவோம். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, அதற்கப்பால் காடு. இடையிலே நெருங்கிய ஊர்கள். இங்கே வாழும் முஸ்லிம்கள் தமிழ் பேசுவோர்; பெருந்தொகையினர் உழவர், ஏனையோர் கடற்றொழிலாளர், நெசவாளர், வணிகர். போர்த்துக்கேயர் 1626 இலே கொழும்பு முதலிய தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களிலே நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று வரலாறு கூறும். அதற்கு முன்னரும் இக்கரையிலே முஸ்லிம்கள் இருந்தனர். எல்லைப்புறத்திலே குடியேறியவனுக்கு ஏரோடு கம்பும் வேண்டியிருந்தது. விளைந்த வயலை யானையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் காக்க வேண்டும். உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றிக் கண்டி நாட்டுக்குச் சென்ற தவள வணிகன் காட்டுவழியிலே கள்வரையும் விலங்குகளையும் எதிர்நோக்க வேண்டும். காவலுக்கென்று தனிப்படை இல்லாத நாளிலே ஊரானே காவலனாய் இருந்தான்.

இம்மக்களிடையே வழங்கிய தற்காப்புக் கலை இருவகைப்படும். கம்பு கொண்டு ஆடுவது சிலம்படி. வெறுங்கையாலும் காலாலும் ஆடுவது சீனடி. இரண்டையும் சேர்த்துச் ‘சீனடி சிலம்படி’ என்று ஒரே மூச்சிற் சொல்லுவது ஊர் வழக்கு. கற்பிப்பவர் அண்ணாவி. கூத்துப் பழக்குபவரையும் மட்டக்களப்பார் அண்ணாவியார் என்றே அழைப்பர். இரண்டிலும் அடவு உண்டு, தாளம் உண்டு, பல நாட் பழக்கமும் உண்டு.

சீனடி என்னும் பெயரே ஆராய்ச்சிக்குரியது. சீன தேசத்திலிருந்து வந்த அடிமுறை என்று பலரும் பொருள் கூறுவர். சிங்களக் கிராமங்களிலும் ‘சீன அடி’ என்னும் பெயர் வழங்கியதுண்டு. சீனர் இத்தீவுக்கு வந்ததிலே ஐயமில்லை. கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்த கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளிலே 1409 ஆம் ஆண்டைக் குறித்துப் பொறிக்கப்பட்டு, 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையிலே வைக்கப்பட்டிருக்கிறது. அதிலே பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகளின் பட்டியல் உண்டு. அடிமுறை எதுவும் இல்லை. வியப்பூட்டும் பொருளுக்குத் தூரதேசத்துப் பெயரைச் சூட்டுவது மக்கள் இயல்பு. சீனி, சீனவெடி, சீனச்சட்டி என்று எத்தனை சொற்கள் நம்மிடம் இல்லை? பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு கலையைக் கப்பலேற்றிக் கொண்டுவருதல் பொருந்தாது. தமிழகத்துச் சிலம்பத்தோடும் குத்துவரிசையோடும் இதற்குள்ள உறவே கண்ணுக்கு நேரே தெரிவது. சிலம்ப ஆட்டத்தைத் தொடக்கிவைக்கும் வணக்கத்துக்குச் ‘சலாம் வரிசை’ என்னும் பெயர் தமிழகத்திலும் வழங்குவது, தமிழும் இசுலாமும் இக்கலையிலே எவ்வளவு இயல்பாய்க் கலந்தன என்பதைக் காட்டும்.

இக்கலை காட்டுவழியிலும் வயற்காவலிலும் மட்டும் வாழவில்லை. இப்பகுதியிலே திருமணம் முடிக்கும் ஆடவன் பெண் வீட்டுக்குச் சென்று வாழ்வதே மரபு. ஆகவே மாப்பிள்ளை ஊர்வலம் ஒரு பெருநிகழ்ச்சி. றபான் ஒலிக்க, குறுங்கோல்களைத் தட்டிப் பாட்டோடு வட்டமாய் ஆடும் பொல்லடிக்காரர் ஒருபுறம் வர, சந்திகளிலே ஊர்வலம் நிற்கும். அங்கே சிலம்பக்காரர் கம்பு வீசுவர். சுன்னத்துக் கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் இவ்வாறே. பார்த்து நிற்போர் வெறும் வேடிக்கையாளர் அல்லர். எந்த வீச்சு யார் பழக்கியது, எந்தக் கால் பிழைத்தது என்று சொல்லக்கூடியவர்கள் அக்கூட்டத்திலே இருந்தனர். அண்ணாவியின் பெயர் அவர்களுடைய வாயிலேதான் நின்றது. இந்நாட்டார் மரபுகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் திரட்டி நூல்களாக்கியிராவிட்டால், பாட்டுகளிலே பாதியேனும் மறைந்திருக்கும்.

காவற்கலை என்னும் பாதி எவ்வாறு மறைந்தது? பொலிசு நிலையமும் நீதிமன்றமும் வந்தபோதே அதன் தேவை சுருங்கிற்று. கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கிக் காடு வயலாயிற்று. பொதிமாடு போய் லொறி வந்தது. பின்னர் வந்தது உள்நாட்டுப் போர். 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களின் பின் ஏறாவூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. தானியங்கித் துப்பாக்கிக்கு முன்னே எந்த அண்ணாவியின் எந்த வரிசையும் விடையாக மாட்டாது. ஊரடங்குச் சட்டம் நிலவிய ஆண்டுகளிலே இரவிற் கூடிப் பழகுவதும் அரிதாயிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீடுகளும் வளவுகளும் அழிந்தன. குடும்பங்கள் இடம்பெயர்ந்து தொடர்மாடிகளிலும் புதிய குடியிருப்புகளிலும் அமர்ந்தன. கம்பு சுழற்ற ஓர் ஆளுக்கு எத்தனை முழ இடம் வேண்டும் என்பதை அத்தகைய வீட்டிலே குடியிருப்பவர் அறிவர்.

இவ்வளவும் கேட்டபின், நிஞ்சாவைப் போலவே அண்ணாவியும் முடிந்தார் என்று சொல்லத் தோன்றும். அது அவசரமான முடிவு. ஷினோபியின் வேலை ஒன்றே. அது போனதும் அவன் போனான். அண்ணாவிக்கு வேலை இரண்டு. காவல் என்பது போயிற்று, கல்யாணம் போகவில்லை. மாப்பிள்ளை இன்னும் பெண் வீட்டுக்குத்தான் வருகிறார். அவரை அழைத்துவரும் ஊர் ஒன்று உண்டு, பார்த்து நிற்கும் சந்தி உண்டு. ஒரு வீடு ஆள் அனுப்பி அழைத்து, அண்ணாவி தம் மாணவரோடு வந்து கம்பெடுத்தால், அவர் எவருடைய வேடத்தையும் போடவில்லை. தம் தொழிலையே செய்கிறார். கையிலிருந்து கைக்கு வந்த தொடரும் அறவில்லை. யப்பானில் அது பெரிதும் அறுந்து, நூலிலிருந்து மீளக் கட்டப்பட வேண்டியதாயிற்று.

ஆயினும் அந்த அழைப்பு ஆண்டுக்காண்டு குறைகிறது. மாப்பிள்ளை காரிலே வருகிறார், மண்டபத்திலே விருந்து, சந்தியிலே நிற்கப் பொழுதில்லை. சண்டை பழக விரும்பும் பையன் வெள்ளை உடையணிந்து கராத்தே வகுப்புக்குச் செல்கிறான். அதிலே குறை காண்பதற்கில்லை; அங்கே பட்டி உண்டு, சான்றிதழ் உண்டு, போட்டி உண்டு. அண்ணாவிக்குக் கிடைப்பது கலாசார விழாவிலே சில நிமிட மேடை. முதுமையிலே சில கிராமியக் கலைஞரின் பெயரோடு கலாபூஷணம் என்னும் அரச விருதும் சேர்கிறது. விருது பெறும் வயதிலே கம்பு சுழற்றும் தோள் தளர்ந்துவிடுகிறது.

சீனடிக்குப் ‘பன்சென்ஷுக்காய்’ போன்ற பழைய ஏடு இல்லை. ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. மியே பல்கலைக்கழகம் இகாவுக்குச் செய்ததை அது இக்கரைக்குச் செய்யக்கூடும். இளைஞர் சிலர் மேடை ஆட்டத்தைக் கைபேசியிலே பதிந்து வைக்கின்றனர். அப்பதிவிலே கம்பு சுழல்வது தெரிகிறது, கைதட்டல் கேட்கிறது. மாணவன் கால் வைத்த இடம் பிழையென்று கண்டு, அண்ணாவி குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்து அரைச் சாண் உள்ளே நகர்த்தும் வேளை மேடைக்கு வருவதில்லை. அதைப் பதிவதற்கு மாலை வேளையிலே ஒரு வளவும், அங்கே காலை நகர்த்தக் கொடுக்கும் ஒரு பையனும் வேண்டும்.