மண்ணெண்ணெய்யும் லயன் அறையும்: புளத்கொகுபிட்டியவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழகத்துப் பேச்சுவழக்கில் மண்ணெண்ணெய்க்குச் ‘சீமெண்ணெய்’ என்று பெயர். சீமை எண்ணெய் என்பதன் மரூஉ அது. கடல் கடந்து வந்த பண்டம் என்பதைச் சொல்லே உணர்த்துகிறது. ஜெட் விமானத்தைப் பறக்கச் செய்வதும் லயன் அறையின் குப்பி விளக்கில் எரிவதும் பெற்றோலியத்தின் ஏறக்குறைய ஒரே கூறுதான். பொழுதுபோக்காகச் சிறுவிமானம் ஓட்டுபவருக்கு எரிபொருள் விலையேற்றம் பறக்கும் மணித்தியாலங்களைக் குறைத்துக்கொள்ளும் பிரச்சினை. லயனில் வாழ்பவருக்கோ அது இரவில் பிள்ளை பாடம் படிப்பதா, இல்லையா என்னும் பிரச்சினை. விலையேற்றம் ஒன்றாயினும் அதன் வர்க்கப் பொருள் ஒன்றன்று.

கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த புளத்கொகுபிட்டிய, தேயிலையும் இறப்பரும் விளையும் பிரதேசம். இங்குள்ள பால்வெட்டுத் தொழிலாளி பெற்றோலியத்துடன் இருமுனைத் தொடர்புடையவர். 1942இல் மலாயா ஜப்பானிடம் வீழ்ந்தபோது நேச நாடுகளுக்கு இலங்கை இறப்பர் இன்றியமையாததாயிற்று; மரங்கள் வரைமுறையின்றி வெட்டப்பட்டன. அதே போரின்போதுதான் பெற்றோலியத்திலிருந்து செயற்கை இறப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்ய அமெரிக்கா தொடங்கியது. போருக்குப் பின் அச்செயற்கை இறப்பரே இயற்கை இறப்பரின் விலைக்கு வரம்பு கட்டியது. 1952இல் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

இந்தச் சார்பிலிருந்து விடுபடும் முயற்சிகளும் நிகழாமல் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய கம்பனிகளின் விநியோகச் சொத்துக்கள் சுவீகரிக்கப்பட்டதும், 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1969இல் சபுகஸ்கந்தையில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. ஆயினும் மசகெண்ணெய் முழுவதும் இறக்குமதியே. விநியோகம் தேசியமயமாயிற்று, சார்பு அவ்வாறே எஞ்சியது.

1973 இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தபோது, நிதியமைச்சராயிருந்தவர் எட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினர் என். எம். பெரேரா. உணவுப் பங்கீடு சுருங்கியது. கிராமத்து விவசாயியிடம் மரவள்ளி நட ஒரு துண்டு நிலமேனும் இருந்தது. தோட்டத் தொழிலாளியிடம் அதுவும் இல்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தமைக்கு இந்த நிலமின்மை ஓர் அடிப்படைக் காரணமாகும்.

2022 நெருக்கடி இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருள் இன்மையால் மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நேர்ந்தது. மின்சாரம் ஒதுக்கிவைத்த குப்பி விளக்கு மீண்டும் தேவைப்பட்ட வேளையில் மண்ணெண்ணெய்யும் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2021இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. நாட்கூலியில் பத்தில் ஒரு பங்கினும் குறைவாயிருந்த ஒரு லீற்றர், ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்கினை விஞ்சியது. உலகச் சந்தை விலை லயனுக்கு உடனே வந்துசேர்ந்தது. உலகச் சந்தைக்கேற்ற கூலி மட்டும் வந்துசேரவில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 19இல் இதே மாவட்டத்தின் றம்புக்கனையில், எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துப் புகையிரதப் பாதையை மறித்த மக்கள்மீது பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். அங்கு திரண்டவர்கள் பெரும்பாலும் சிங்கள உழைப்பாளிகள். கிராமத்தையும் லயனையும் மொழியாலும் குடியுரிமையாலும் பிரித்துவைத்த வரலாறு நீண்டது. எரிபொருள் வரிசையோ இருவரையும் ஒன்றாக நிறுத்தியது. ஆயின் ஒரே வரிசையில் நிற்பது ஒன்று, ஒரே கோரிக்கையில் நிற்பது வேறொன்று. விலைக்கு ஏற்ப உயரும் கூலியும் உழைப்பவருக்குரிய நிலமும் இருசாராரின் பொதுக் கோரிக்கையாகும்வரை, அடுத்த விலையேற்றத்தின் சுமையும் முதலில் குப்பி விளக்கின்மீதே இறங்கும்.